கூடிக் கற்க உதவட்டும் கருவி!

சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றின் கண்காணிப்பாளராக 1789-ஆம் ஆண்டு பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஒருநாள் காலை குதிரையில் சென்றுகொண்டிருந்த அவர், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அந்த முறையைத் தமது இல்லத்திலும் கொண்டுவர விரும்பினார். அங்கு பணியாற்றிய ஆசிரியர்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை. எனவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் தன்னினும் சிறியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் இயலாது என்று ஒதுக்கியதை அச்சிறுவன் செய்துகாட்டினான்.

அந்த அனுபவத்தை பெல் 1797-இல் நூலாக வெளியிட்டார். ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. நமது திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த பணியின் சாயல் அதில் உண்டு. அன்றைய கருவி கைப்பிடி மணல். அதைப் பயனுள்ளதாக்கியது, அதைச் சுற்றி அமர்ந்த குழந்தைகள் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்ட முறை.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழகத்தின் தொடக்கப் பள்ளிகளில் கருவிகள் வேகமாக மாறியிருக்கின்றன. 2018-19 கல்வியாண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அண்மைக் காலத்தில் தொடக்கப் பள்ளிகளில் சுமார் 23 ஆயிரம் திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கவும், ஏறத்தாழ 80 ஆயிரம் ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகளை வழங்கவும் அரசு திட்டமிட்டுச் செயல்படுத்தியது. தனியார் பள்ளியின் விளம்பரப் பலகையில் மட்டும் காணப்பட்ட வசதி, கூலித் தொழிலாளியின் குழந்தை படிக்கும் பள்ளிக்கும் வந்திருப்பது வரவேற்கத்தக்கதே.

ஆனால், கருவி வந்துவிட்டதாலேயே கற்றல் வந்துவிடுமா என்ற கேள்வியை இந்தத் தருணத்தில் எழுப்பியாக வேண்டும். ஒரு குழந்தையின் தொடக்கப் பள்ளி வாழ்க்கை ஐந்தே ஆண்டுகள். ஒரு மின்னணுக் கருவியின் பயன்பாட்டுக் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று நாம் கற்றுக்கொள்வதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் ஐந்தாம் வகுப்பைக் கடந்துவிடுவார்கள். கருவி பழுதானால் வேறொன்று வாங்கலாம். ஏழு வயதில் சரளமாக வாசிக்கத் தவறிய குழந்தைக்கு அந்த வயதை மீட்டுத் தர இயலாது.

பிற நாடுகளின் அனுபவம் எச்சரிக்கை தருகிறது. 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தின்கீழ் பெரு நாடு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பள்ளிக் குழந்தைகளுக்கு வழங்கியது. அந்நாட்டின் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், 15 மாதங்களுக்குப் பின்னும் மொழியிலோ கணிதத்திலோ முன்னேற்றம் ஏற்பட்டதற்கான சான்று கிடைக்கவில்லை. கருவி குழந்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டு எதை, எப்படிக் கற்பிப்பது என்பது ஆசிரியரின் அன்றாடப் பணியில் போய்ச் சேரவில்லை. பள்ளிகளில் கணினிக்குப் பெருந்தொகை செலவிட்ட நாடுகளின் மாணவர்கள் வாசிப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் அதற்கேற்ற முன்னேற்றம் காணவில்லை என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015-இல் வெளியிட்ட அறிக்கையும் கூறியது. பள்ளிகளில் திரைகளைப் பெருமளவில் புகுத்திய ஸ்வீடன், 2023-இல் அச்சுப் புத்தகங்களுக்கு மீண்டும் முன்னுரிமை அளித்து நிதி ஒதுக்கியது.

இதனால், கருவிகளே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. தில்லியில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடையே 2015-இல் நடத்தப்பட்ட ஆய்வு வேறொரு சித்திரத்தைத் தருகிறது. பள்ளி நேரத்துக்குப் பின் இயங்கிய மையங்களில் அவர்கள் கணினி வழியாகக் கணிதமும் ஹிந்தியும் பயின்றனர். நான்கரை மாதங்களிலேயே குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. அதற்கு முக்கியமான காரணம், அந்த மென்பொருள் ஒவ்வொரு மாணவரும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார் என்று கண்டறிந்து அங்கிருந்து தொடங்கியதுதான். எட்டாம் வகுப்பில் அமர்ந்திருந்தாலும் நான்காம் வகுப்புக் கணக்கில் தடுமாறுபவருக்கு நான்காம் வகுப்புக் கணக்கே தரப்பட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கு 45 நிமிடங்கள் கணினிக்கு என்றால், மற்றொரு 45 நிமிடங்கள் சிறு குழுவாக அமர்ந்து உதவி ஆசிரியருடன் கற்பதற்கு ஒதுக்கப்பட்டிருந்தன.

ஆக, கருவி பயன் தருவதற்கு இரண்டு நிபந்தனைகள் தெரிகின்றன. அது குழந்தையின் நிலையறிந்து உதவ வேண்டும். குழந்தைக்கும் ஆசிரியருக்கும், குழந்தைக்கும் குழந்தைக்கும் இடையிலான உரையாடலுக்கு இடமளிக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் நாம் மறந்துவிடும் ஆபத்து உள்ளது.

தமிழகம் இந்த வகையில் ஏற்கெனவே நல்ல பாடம் ஒன்றைக் கற்றிருக்கிறது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியினர் ஓராசிரியர் பள்ளிகளுக்கென உருவாக்கிய அட்டை முறையே அதற்கு முன்மாதிரி. 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் 1 முதல் 4-ஆம் வகுப்பு வரை விரிவுபடுத்தப்பட்டது. பெஞ்சுகள் அகற்றப்பட்டன. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகைகள் வந்தன. ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். அத்திட்டத்தில் குறைகள் இருந்தன. அட்டையை முடிப்பதே குறிக்கோளாகிப் போன வகுப்பறைகளும் இருந்தன. இருந்தபோதிலும், வரிசையாக அமர்ந்து ஒரே திசையை நோக்கியிருந்த குழந்தைகளை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி அமரவைத்தது அதன் பெரும் சாதனை. 2022 ஜூனில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளை அவர்களின் கற்றல் நிலைக்கேற்பக் குழுக்களாகவே அணுகுகிறது.

திறன்மிகு வகுப்பறையின் பெரிய திரை இந்த வட்டத்தைக் கலைத்துவிடக்கூடும். திரை சுவரில் இருக்கிறது. எல்லோரும் அதை நோக்கித் திரும்பி அமர வேண்டியிருக்கிறது. காணொலி ஓடுகிறது, ஆசிரியர் ஓரமாக நிற்கிறார். பதினைந்து நிமிடங்கள் வகுப்பு அமைதியாக இருக்கிறது. பார்வையிட வரும் அதிகாரிக்கு அது ஒழுங்கான வகுப்பாகத் தோன்றும். ஆனால், காணொலி எந்தக் குழந்தைக்காகவும் காத்திருப்பதில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே புரியாமல் போன குழந்தை, மீதிப் பதின்மூன்று நிமிடங்களும் வண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. புரியவில்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் அதற்கு வாய்ப்பில்லை. பேசினால் அதட்டல் விழும்.

இங்கு நமது தொடக்கப் பள்ளிகளின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். அதாவது, ஐந்து வகுப்புகளை இருவர் நடத்த வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றுவிட்டால் ஐந்தும் மற்றவரின் பொறுப்பு. இத்தகைய பள்ளியில் காணொலியை ஓடவிட்டுக் குழந்தைகளை அமைதியாக வைத்திருக்கும் ஆசை எழுவது இயல்பு. அதற்காக ஆசிரியரைக் குறை சொல்வதில் பயனில்லை. அதே கருவியை வேறு விதமாகப் பயன்படுத்தினால் அவருடைய சுமை குறையும் என்பதைக் காட்டுவதே பயன் தரும்.

குழந்தைகள் ஒரு கருவியைச் சுற்றி எப்படி அமர்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று நம் அண்டை மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தினர், 2000-களின் நடுப்பகுதியில் கிராமப்புறப் பள்ளிகளில் ஒரே கணினியைச் சுற்றிப் பல குழந்தைகள் நெருக்கியடித்து அமர்வதையும், அவர்களில் ஒருவரே எப்போதும் சுட்டியை வைத்துக்கொள்வதையும் கண்டனர். மற்றவர்கள் வெறும் பார்வையாளர்கள். ஆய்வாளர்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கணினி தரவில்லை. ஒரே கணினியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சுட்டியை இணைத்தனர். திரையில் வெவ்வேறு நிறங்களில் அம்புக்குறிகள் தோன்றின. யார் முந்திச் சொடுக்குகிறார்களோ அவர்களுக்கே வெற்றி என்று விளையாட்டை அமைத்தபோது, குழந்தைகள் சிந்திக்காமல் சொடுக்கினர். குழுவில் எல்லோரும் ஒரே விடையைச் சொடுக்கினால்தான் அடுத்த வினாவுக்குச் செல்ல முடியும் என்று மாற்றியபோது, விடையைப் பற்றித் தங்களுக்குள் பேசத் தொடங்கினர். கருவி ஒன்றுதான், பாடமும் ஒன்றுதான். விதி மாறியதும் கற்றல் மாறியது.

இந்த உண்மையை நமது வகுப்பறைகளில் செயல்படுத்தப் புதிய செலவு ஏதும் தேவையில்லை. சில எளிய வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, காணொலியை முழுமையாக ஓடவிடாமல் இடையில் நிறுத்துவது. விதை முளைப்பதைக் காட்டும் பாடம் என்றால், விதை நீரில் ஊறியதும் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று இருவர் இருவராகப் பேசச் சொல்லலாம். அவர்கள் கணித்ததைப் பலகையில் எழுதிவிட்டுக் காணொலியைத் தொடரலாம். பிறகு, நாலைந்து பயறுகளை ஈரத்துணியில் முடிந்துவைத்து அடுத்த இரண்டு நாள்களும் பார்க்கச் சொல்லலாம். திரை சில நொடிகளில் காட்டியதை இயற்கை இரண்டு நாள்களில் காட்டுகிறது என்பதைக் குழந்தை அறிந்துகொள்ளும்.

இரண்டாவது, கையடக்கக் கணினியை ஒலிப்பதிவுக் கருவியாகப் பயன்படுத்துவது. தமிழ் கற்கும் குழந்தைக்கு ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் காதில் பதிந்தால்தான் எழுத்தில் பிழை வராது. மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட குழு ஒரு பத்தியை ஆளுக்கு ஒரு வரியாக வாசித்துப் பதிவு செய்யட்டும். தங்கள் குரலைத் தாங்களே கேட்கட்டும். 'பழம்' என்பது 'பளம்' என்று ஒலித்ததை ஆசிரியர் சுட்டிக்காட்டும் முன்பே பக்கத்தில் இருக்கும் குழந்தை சுட்டிக்காட்டிவிடும். அதே குழுவின் ஜூன் மாத வாசிப்பையும் டிசம்பர் மாத வாசிப்பையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால், மதிப்பெண் பட்டியல் சொல்லாத வளர்ச்சியைப் பெற்றோர் நேரடியாகக் கேட்டு மகிழ்வர்.

மூன்றாவது, குழந்தைகளே பாடப்பொருளை உருவாக்குவது. ஊரில் உள்ள மரங்களின் பெயர்கள், பாட்டி சொன்ன கதை, சந்தையில் காய்கறி அளக்கப் பயன்படும் அளவைகள், குளத்துக்கு வரும் பறவைகள் என ஒவ்வொரு குழுவும் ஒன்றைத் திரட்டலாம். ஒருவர் கேட்க, ஒருவர் பதிவு செய்ய, ஒருவர் எழுத, ஒருவர் படம் வரைய வேண்டும். முடிந்ததைத் திரையில் காட்டி வகுப்புக்கு விளக்க வேண்டும். வாசிக்கத் தடுமாறும் குழந்தை, மரத்தின் பெயரைச் சொல்வதில் முதலாவதாக இருக்கலாம். அந்தக் குழுவில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்ற உணர்வே அதனை வாசிப்பை நோக்கி இழுத்துவரும். இதில் எழுதும் பணி குறிப்பேட்டில் கையால் நடைபெறுவதே நல்லது. உயிர்மெய் எழுத்துகளின் வளைவும் சுழியும் விரலுக்குப் பழக வேண்டிய வயதில் தட்டச்சுக்கு அவசரம் இல்லை.

நான்காவது, பன்மை வகுப்புச் சூழலில் நேரப் பங்கீடு. மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்தும் ஆசிரியர், ஒரு குழுவிடம் கையடக்கக் கணினியில் ஒரு கணித விளையாட்டைத் தந்துவிட்டு, அந்த இருபது நிமிடங்களையும் மிகவும் பின்தங்கிய நான்கு குழந்தைகளுடன் அமரப் பயன்படுத்தலாம். கருவியின் உண்மையான மதிப்பு, அது ஆசிரியருக்கு மீட்டுத் தரும் இந்த இருபது நிமிடங்களில்தான் உள்ளது.

ஒத்துழைப்பு குழந்தைகளுக்கு மட்டுமானதன்று, ஆசிரியர்களுக்கும் உரியது. ஈராசிரியர் பள்ளியில் பணியாற்றுபவர் தொழில்முறையில் தனித்து விடப்பட்டவர். தாம் எடுத்த பாடம் சரியாக அமைந்ததா என்று கலந்து பேச அவருக்கு ஆளில்லை. குறுவள மையக் கூட்டங்கள் அதற்காகவே ஏற்படுத்தப்பட்டவை. அங்கு ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் எடுத்த ஐந்து நிமிடக் காட்சியைக் காட்டி, எது பலித்தது, எங்கே குழந்தைகள் தடுமாறினர் என்று பேசினால், மேலிருந்து வரும் பயிற்சியைவிட அது பயனுள்ளதாக இருக்கும். ஆனால், பல இடங்களில் ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுக்கள் சுற்றறிக்கைகளும், உடனே அனுப்புக என்ற நினைவூட்டல்களும் குவியும் இடமாகவே உள்ளன. பாடம் குறித்த பேச்சுக்கு என்று ஒரு குழுவை, அதிகாரிகள் இல்லாத குழுவாக, ஒவ்வொரு குறுவள மையமும் வைத்துக்கொள்ளலாம்.

இங்குதான் ஒரு முரண்பாட்டையும் வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. ஆசிரியரின் நேரத்தை மீட்டுத் தர வேண்டிய அதே கருவி, அந்த நேரத்தை விழுங்கவும் செய்கிறது. வருகைப் பதிவு, நலத்திட்ட விவரம், மதிப்பீட்டுப் பதிவேற்றம், நிகழ்ச்சிப் புகைப்படம் என 'எமிஸ்' தளத்திலும் பல்வேறு செயலிகளிலும் விவரங்களை உள்ளிடுவதே பெரும்பணியாகிவிட்டது என்பது ஆசிரியர் இயக்கங்கள் நெடுநாளாக முன்வைத்துவரும் முறையீடு. இணையம் மந்தமாக இருக்கும் சிற்றூரில், பதிவேற்றம் முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரின் எதிரே அமர்ந்திருப்பவர்கள் ஆறு வயதுக் குழந்தைகள். தகவல் தேவைதான், அதை ஒருமுறை பெற்றால் போதும். ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் கேட்பதையும், வகுப்பு நேரத்தில் கேட்பதையும் நிறுத்தினால், அதுவே புதிய கருவி வழங்குவதற்கு நிகரான உதவியாக இருக்கும்.

வீட்டையும் மறந்துவிடலாகாது. பெருந்தொற்றுக் காலத்தில் திறன்பேசி இல்லாத வீடுகளின் குழந்தைகள் கல்வியிலிருந்து எவ்வாறு துண்டிக்கப்பட்டனர் என்பதைக் கண்டோம். அந்த இடைவெளியை நிரப்ப 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், கருவியைவிட மனிதரையே நம்பியது. ஊரிலேயே வாழும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் குழந்தைகளுடன் அமர்ந்தனர். ஒரே திறன்பேசியும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும் வீட்டுக் குழந்தைக்கு, வாட்ஸ்ஆப் வழியே வீட்டுப்பாடம் அனுப்புவது அநீதி. பள்ளியில் இருக்கும் கருவியைப் பள்ளியிலேயே பகிர்ந்து பயன்படுத்துவதுதான் சமத்துவத்துக்கு உகந்தது.

குழந்தைகளின் படங்களையும் குரலையும் கையாள்வதிலும் கவனம் தேவை. 2023-இல் இயற்றப்பட்ட எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வகுப்பறைப் பதிவுகள் பள்ளியின் கருவியிலேயே இருக்கட்டும். அவை சமூக ஊடகங்களில் பரப்புவதற்கானவை அல்ல. வாசிக்கத் திணறும் ஒரு குழந்தையின் காணொலி ஊரெங்கும் சுற்றினால், அக்குழந்தை மீண்டும் வாய்திறக்காது.

இறுதியாக, பராமரிப்பு. திரையின் விலையைத் திட்ட மதிப்பீட்டில் சேர்க்கும் நாம், அது பழுதானால் எத்தனை நாள்களில் சரிசெய்யப்படும் என்பதைச் சேர்ப்பதில்லை. வட்டார அளவில் பழுது நீக்குபவர் ஒருவர், இணையம் இல்லாதபோதும் இயங்கும் பாடப்பொருள், பூட்டிவைக்காமல் பயன்படுத்துவதற்கான துணிவை ஆசிரியருக்குத் தரும் விதிகள் ஆகியவை அவசியம். கருவி உடைந்தால் தாமே பொறுப்பேற்க வேண்டும் என்ற அச்சம் இருக்கும்வரை, அது தலைமையாசிரியரின் அலமாரியில் பத்திரமாகவே இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் தங்கள் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேட்கலாம். 'கருவி வந்ததா?' என்பதைவிட, 'இந்த வாரம் எந்தெந்தக் குழந்தைகள் அதைத் தொட்டார்கள், அதைக் கொண்டு ஒருவரோடொருவர் என்ன பேசினார்கள்?' என்ற கேள்வியே நம்மை உண்மைக்கு அருகில் கொண்டுசெல்லும்.

எழும்பூரில் எட்டு வயதுச் சிறுவனின் கையில் இருந்தது மணல்தான். ஆனால், தனக்குத் தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லும் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று நமது குழந்தைகளின் முன் ஒளிரும் திரை இருக்கிறது. அந்தப் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைப்போமா, அல்லது அவர்களை வெறும் பார்வையாளர்களாக அமரவைப்போமா என்பதை ஒவ்வொரு வகுப்பறையிலும், ஒவ்வொரு நாளும் நாம்தான் முடிவு செய்கிறோம்.